மீளும் வளம், மீளா வளம்

(துலைத் திங்களில் எங்கள் மாவட்டத் தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



தமிழாசிரியனுக்கு நிலக்கரியோடும் காற்றாலையோடும் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு ஒரு நாள் எங்கள் பள்ளி அறிவியலாசிரியர் வரவில்லை. எட்டாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி தலைமையாசிரியர் என்னை அனுப்பினார். மாணவர்கள் திறந்து வைத்திருந்த பாடம், 'புதுப்பிக்கத்தக்க வளங்களும் புதுப்பிக்க இயலாத வளங்களும்' என்பது. படித்துக் காட்டச் சொன்னேன். படித்து முடித்ததும் ஒரு சிறுமி எழுந்து, "ஐயா, வீட்டைப் புதுப்பிக்கிறோம், கோயிலைப் புதுப்பிக்கிறோம். காற்றை யார் ஐயா புதுப்பிக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. அன்று இரவு முழுதும் அக்கேள்வி என்னை விடவில்லை. அவள் கேட்டது இலக்கணக் கேள்வி. ஆனால் அதற்குள் பொருட்கேள்வி ஒன்று பொதிந்திருக்கிறது. புதுப்பித்தல் என்பது செய்வினை. செய்வான் ஒருவன் வேண்டும். காற்றுக்கும் வெயிலுக்கும் அப்படி ஒருவன் இல்லை. அவை தாமே மீள்கின்றன. மீளாதவற்றையோ எவனாலும் புதுப்பிக்க முடியாது. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்துக் கொண்டதால் வந்த குழப்பம் இது. ஆகவே மீளும் வளம், மீளா வளம் என்றே இவ்வுரையில் சொல்லப் போகிறேன். பாடநூலார் ஏற்பாரோ மாட்டாரோ, அது அவர்கள் பாடு. சொல்லைத் திருத்தியதும், இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோடு நாம் எண்ணுவதுபோல் அத்தனை நேரான கோடு அன்று என்பது எனக்கு விளங்கத் தொடங்கியது. அதைச் சொல்லவே வந்தேன்.

முதலில் மீளா வளத்தைப் பார்ப்போம். நமக்கு அண்மையிலுள்ள சான்று நெய்வேலி. கடலூர் மாவட்டத்துச் செம்மண் மேட்டில் 1930களில் சம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் நீருக்காகத் துளையிட்டபோது கருநிறப் பொருள் ஒன்று மேலே வந்ததாம். பின்னர் ஆய்ந்து பார்த்தபோது அது பழுப்பு நிலக்கரி எனத் தெளிந்தது. 1956-இல் நடுவணரசு அங்கு நிறுவனம் அமைத்தது. 1957-இல் சுரங்கம் தொடங்கியது. 1961-இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் சோவியத்து நாட்டின் துணையோடு எழுந்த அனல்மின் நிலையம் மின்னாற்றல் தந்தது. நாலு கால் மண்டபம்போல் உயர்ந்த செருமானியச் சுழல்வாளிப் பொறிகள் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கும் காட்சியைப் பார்க்கவே ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போவார்கள். நானும் போயிருக்கிறேன். வாய் பிளந்து நின்றேன் என்பதை மறைக்கவில்லை.

அந்தக் கரி எப்படி வந்தது? மாந்தன் இம்மண்ணில் தோன்றுவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன் அங்கே அடர்ந்த சதுப்புக்காடு இருந்தது. மரங்கள் கதிரவன் ஒளியை உண்டு வளர்ந்தன, சாய்ந்தன, சேற்றில் புதைந்தன. மேலே மணலும் களியும் படிந்து அழுத்தின. காற்றுப் படாமையால் மட்கிப் போகாமல், மெல்ல மெல்லக் கரியாக மாறின. இன்னும் நெடுங்காலம் அழுத்தமும் சூடும் பட்டிருந்தால் அது இராணிகஞ்சிலும் சாரியாவிலும் கிடைக்கும் கருநிலக்கரியைப் போல் இறுகியிருக்கும். நெய்வேலிக் கரி இன்னும் முதிராத கரி. எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். அதனால்தான் அதைத் தொலைவுக்கு ஏற்றிச் செல்வது கட்டுபடியாவதில்லை. எடுத்த இடத்திலேயே எரித்து மின்னாக்குகிறார்கள். ஆக, நாம் எரிப்பது பண்டை நாள் வெயிலை. அந்தக் காட்டை வளர்க்க எடுத்துக்கொண்ட காலத்தை நம் ஆண்டுக்கணக்கில் சொன்னால் எண்ணுக்கு முன் நம் நா தளரும். அதை எரித்து முடிக்க நமக்குச் சில தலைமுறைகள் போதும்.

ஆனால் நெய்வேலியில் மீளாதது கரி மட்டுந்தானா? இங்கேதான் நீங்கள் சற்றுச் செவி சாய்க்க வேண்டும். அந்தக் கரிப்படுகைக்குக் கீழே, அழுத்தத்தில் அடைபட்ட பெரு நீரடுக்கு ஒன்று உண்டு. அழுத்தம் மிகுதியாதலால் முன்பு அவ்வட்டாரத்தில் துளையிட்டால் எக்கி இல்லாமலே நீர் தானாகப் பொங்கி வழியும். சுரங்கத்துக்கோ அந்நீர் பகை. மேலேயுள்ள மண்ணையும் கரியையும் அகற்றியதும் கீழிருந்து நீர் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு எழுந்துவிடும். அதைத் தடுக்கவே இரவும் பகலும் எக்கிகள் அந்நீரை இறைத்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு டன் கரிக்குப் பல டன் நீர். அந்நீரில் ஒரு பகுதி பயன்படுகிறது, உண்மைதான். எனினும் சுற்றுப்புற ஊர்களில் தானே பொங்கிய துளைகளில் இன்று எக்கி போட்டாலும் ஆழத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. நீர் மீளும் வளம் என்று பாடநூல் சொல்கிறது. மீளா வளத்தைத் தோண்டும்போது மீளும் வளமும் கூடவே போகிறது.

நிலமும் அப்படியே. 2023-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டப் பொறிகள் வயலுக்குள் இறங்கியதை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். நிலம் முன்னரே எடுக்கப்பட்டது, அதற்கு விலையும் கொடுக்கப்பட்டது என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் பச்சை நெற்பயிர் நின்றுகொண்டிருந்தது. சில கிழமை பொறுத்திருந்தால் கதிர் முற்றியிருக்கும். வழக்கு உயர்நயன்மன்றம் சென்றது. அந்தச் சில கிழமை பொறுக்க முடியாத விரைவு எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். எரிக்கத் தொடங்கியவனுக்கு நிற்க நேரமில்லை. அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அடுப்பில் தொழிலாளரும் வெந்தனர். 2020 சூலை முதல் நாள் இரண்டாம் அனல்மின் நிலையக் கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டதை மறக்க முடியாது.

நெய்வேலியால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் என் வீட்டு விளக்கே என்னைப் பார்த்து நகைக்கும். 1962-இல் பிறந்த அந்த முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பெறும் வரை தென்னாட்டுக்கு ஒளி தந்தது. அந்நிறுவனமே இன்று கதிரவன் ஒளியிலிருந்து மின் எடுக்கும் நிலையங்களையும் நடத்துகிறது. கரி தீரும் என்பதை அதைத் தோண்டுபவரே நன்கறிவர்.

கன்னெய்க்கும் கணக்கு இதுவே. கூடங்குளத்து அணுவுலைக்கு வேண்டிய யுரேனியமும் மண்ணுக்குள் கிடக்கும் கனிமந்தான், எரித்தால் திரும்பாது. அதன் கழிவு மட்டும் திரும்பத் திரும்ப நம் பிள்ளைகள் முன் வந்து நிற்கும்.

இனி மீளும் வளம். காற்றை வேலை வாங்குவது நமக்குப் புதிதன்று. கரிகாலன் முன்னோர்களுள் ஒருவன் கடற்காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்திய செய்தியைப் புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார் குறிப்பிடுகிறார். குயவர் குடியிற் பிறந்த பெண்பாற் புலவர் அவர் என்பதும் நினைவிருக்கட்டும். அந்தக் காற்றே இன்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தலில் சுழலிகளைச் சுழற்றுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்ட இடங்களில், பாலைக்காட்டில், செங்கோட்டையில், ஆரல்வாய்மொழியில், தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு புகுகிறது. நெருங்கும்போது விரைவு கூடுகிறது. 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சிறு முயற்சியாகத் தொடங்கியது. இன்று தமிழகத்தில் நிறுவப்பெற்றுள்ள காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது.

அரிய செய்திதான். ஆனால் காற்று நம் ஆணைக்கு வீசுவதில்லை. மேழம் கழிந்து விடை பிறந்ததும் எழுந்து, கன்னி வரை அடித்து, பிறகு ஓய்ந்துவிடும். கதிரவனோ மாலையில் மறைவான். நாம் விளக்கேற்றுவதும் மாலையில்தான். ஆகவே கிடைக்கும்போது சேர்த்து வைக்க வேண்டும். அதற்கு ஓர் அழகான வழி நம்மிடமே இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை என்னும் இடம். அங்கு மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை. மின் மிகுந்த வேளையில் கீழ்நீரை மேலே ஏற்றுகிறார்கள். மின் குறைந்த வேளையில் அதே நீரைக் கீழே விட்டு 400 மெகாவாட்டு வரை எடுக்கிறார்கள். 1980களின் இறுதியில் கட்டியது. கரிக்காலத்தில் கட்டிய அது காற்றுக்காலத்துக்கு எத்துணை ஏற்றது பாருங்கள்! பைக்காராவில் 1932-லேயே நீரிலிருந்து மின் எடுத்த நாடு இது. இத்தகைய வேலை நமக்குப் பழக்கந்தான். இதுபோல் இன்னும் பல இடங்களில் ஏன் எழவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. காடழியாமல் எழ வேண்டும் என்று சொல்லும் கடமையும் உண்டு.

இன்னொன்று. காற்று மீளும், காற்றாலை மீளாது. சுழலியின் உள்ளிருக்கும் வலிய காந்தங்கள் சிலவற்றுக்கு அரிய மண் தனிமங்கள் வேண்டும். அவற்றைத் தரும் மோனசைட்டு மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. அதைத் தோண்டினால் மீனவர் குடிசையும் கடற்கரை மேடும் என்னாகும் என்ற கேள்வி குமரி மாவட்டத்தில் இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. ஒளித்தகடுக்கு வெள்ளி வேண்டும். மின்கலத்துக்கு இலித்தியம் வேண்டும். இவையெல்லாம் மீளா வளங்கள். கரியைப் போல் எரிந்து புகையாகிப் போவதில்லை, பழைய பொறியிலிருந்து மீட்டெடுக்கலாம் என்பது ஆறுதல். ஆனால் மீட்டெடுக்கும் தொழிலை இன்றே தொடங்கினால்தானே? 1990களில் நட்ட 225, 250 கிலோவாட்டுச் சிறு சுழலிகள் இன்றும் நல்ல காற்றுள்ள இடங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றைக் கழற்றினால் அந்தக் கண்ணாடியிழை இறகுகளை எங்கே போடுவது?

இப்போது என் ஊருக்கு வருகிறேன். கேள்விக்கான விடை எனக்கு அங்கேதான் கிடைத்தது.

நான் பாலாற்றங்கரையில் பிறந்தவன். நந்திமலையில் பிறந்து, வயலூர் அருகே கடலில் சேரும் ஆறு அது. பாலாறு என்றாலே வறண்ட ஆறு என்று இன்றைய பிள்ளைகள் எண்ணுகிறார்கள். அது மேலே ஓடிய நாளை விடக் கீழே ஓடிய நாளே மிகுதி. மணலே அதன் நீர்த்தொட்டி. மணலின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. அவ்விடைவெளி முழுதும் நீர். எங்கள் முன்னோர் ஆற்றுக்குள் ஊற்றுக்கால் வெட்டி, மணலுக்குள் கசியும் நீரைத் திரட்டி, கரையேற்றி வயலுக்குப் பாய்ச்சினார்கள். எக்கி இல்லை, மின் இல்லை. ஆண்டுதோறும் ஊர்கூடி ஊற்றுக்காலைத் தூர்வாருவார்கள். என் தந்தையார் தோளில் மண்வெட்டியோடு போவதும், நான் கஞ்சிக் கலயத்தோடு பின்னால் ஓடியதும் நினைவிலிருக்கிறது. குடிநீருக்கு ஆற்றில் கையால் இரண்டு முழம் தோண்டினால் போதும், ஊறும். கலங்கல் தெளியக் காத்திருந்து மொண்டுகொள்வோம்.

பிறகு சரக்குந்துகள் வந்தன. முதலில் இரவில் வந்தன. பின்னர்ப் பகலிலும் வந்தன. யார் அனுப்பினார் என்று ஊருக்குத் தெரியும். பெயர் சொல்லத் துணிந்தவர் இலர். ஊர்ப் பெரியவர்கள் சிலர் நாள் கூலிக்கு வண்டி எண்ணிக்கை குறித்துக் கொடுத்தார்கள். அவர்களுள் என் உறவினரும் இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளில் மணல் போய்க் களிமண் தரை தெரிந்தது. களியில் நீர் எளிதில் ஊறாது. ஊற்றுக்கால் வெறும் பள்ளமானது. இப்பொழுது அதில் சீமைக்கருவேலம் நிற்கிறது.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. கரை கொள்ளாமல் வந்தது. ஊரே திரண்டு பார்த்தது. அகவை எண்பது கடந்த என் அன்னையார் கைகூப்பி நின்றார். கிணறுகளில் நீர் ஏறியது உண்மை; இரண்டு போகம் விளைந்ததும் உண்மை. ஆனால் மணல் போன இடத்தில் வெள்ளம் வந்த விரைவிலேயே போயிற்று. அடுத்த கோடையில் நான் போய்ப் பழைய இடத்தில் தோண்டிப் பார்த்தேன். ஊறவில்லை.

மணல் மீளும் வளமா, மீளா வளமா? மலைப்பாறை சிதைந்து, உருண்டு, தேய்ந்து மணலாகி வெள்ளத்தோடு வருகிறது; வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே மீளும் வளந்தான். ஆனால் ஆறு ஒரு நூற்றாண்டில் கொண்டு வந்து சேர்த்ததை நாம் ஓராண்டில் வாரினால், நம் வாழ்நாளுக்கும் நம் பேரர் வாழ்நாளுக்கும் அது மீளா வளமே. பொருளின் பிறப்பிலே வேறுபாடு பாதி; நாம் எடுக்கும் விரைவிலே மறு பாதி. மீனும் அப்படித்தான். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. மீன் முட்டையிட விடுகிறோம், அதனால் மீள்கிறது. பாலாற்று மணலுக்கு ஒரு நாளாவது ஓய்வு கொடுத்தோமா? மணல் தீர்ந்ததும் அறிவு வந்ததா என்றால், அதுவும் இல்லை. மலையை உடைத்துப் பொடியாக்கி எம்-சாண்டு என்று விற்கிறோம். மீளும் வளத்தைத் தின்று முடித்துவிட்டு அதற்கு மாற்றாக மீளவே மீளாத கருங்கல் மலையில் கை வைத்திருக்கிறோம். இந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் படித்தோமோ!

அந்தச் சிறுமிக்கு மறு கிழமை இதைத்தான் சொன்னேன்: "அம்மா, காற்றை யாரும் புதுப்பிப்பதில்லை. ஆனால் மணலும் நீரும் மீனும் மீள்வதா வேண்டாவா என்பதில் நமக்குப் பங்கு உண்டு." அவள் தலையாட்டினாள். பிறகு, "அப்படியானால் ஆற்றை எப்பொழுது ஐயா திரும்பக் கொடுப்பார்கள்?" என்றாள். இந்த வயதிலே இப்படிக் கேட்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியத் தொழில் செய்வது எளிதன்று.

இன்னும் ஒன்று சொல்லி அமர்கிறேன். எங்கள் குடும்பத்துக்கு ஆற்றங்கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் புன்செய் நான்கு ஏக்கர் இருக்கிறது. எனக்கும் என் தம்பிக்கும் பொது. கிணறு வற்றிய நிலம். சென்ற திங்கள் ஒரு முகவர் வந்தார். ஒளித்தகடுகள் பதிக்க நிலத்தை நெடுங்காலக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். நான் உடனே வேண்டா என்றேன். வெயிலிலிருந்து மின் எடுப்பதை மேடைதோறும் பாராட்டுகிறவன்தான் நான். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட்டு நிலையம் எழுந்தபோது மாணவர்களுக்கு அதைப் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். ஆனால் ஏறத்தாழ 2,500 ஏக்கர் அது. கூரைகள் இத்தனை வெறுமையாகக் கிடக்கையில் மண்ணை ஏன் மூட வேண்டும் என்பது என் எண்ணம்.

தம்பி உழவன். மழையை நம்பி வேர்க்கடலை போட்டுப் பலமுறை தோற்றவன். அவன் சொன்னான்: "அண்ணா, நீ திங்கள்தோறும் ஊதியம் வாங்குகிறாய். மணல் போகும்போது ஊர் வாய் மூடிக்கொண்டிருந்தது. நீயும் வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். நீர் போயிற்று. நீர் இல்லாத நிலத்தில் கதிரவனையாவது விளைய விட மாட்டாயா?"

அவன் சொன்னதில் தவறு காண என்னால் முடியவில்லை. உடன்படிக்கைத் தாளை வாங்கி வந்து இரண்டு நாள் படித்தேன். தமிழ் படிக்கிறவனுக்குச் சொல் சொல்லாகப் பார்க்கும் பழக்கம் உண்டல்லவா? குத்தகைத் தொகை இருந்தது; ஆண்டுக்கணக்கு இருந்தது; இடையில் நாங்கள் மறுத்தால் கட்ட வேண்டிய இழப்பீடு இருந்தது. காலம் முடிந்த பிறகு தகடுகளையும் பைஞ்சுதைத் தூண்களையும் யார் அகற்றுவது, நிலத்தை எந்த நிலையில் திருப்பித் தருவது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அந்த வரியை எழுதித் தந்தால் கையொப்பமிடுவேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். முகவர், மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார். இன்னும் வரவில்லை.